கவிதைக்குப் பொழிப்புரை எழுதும் சட்டம்

நமது சூழலில் ஒரு கவிதைத் தொகுதி வெளிவந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். பாடசாலை மண்டபத்தில் ஒரு வெளியீட்டு விழா. முதற் பிரதியைப் பெற ஒரு புரவலர். நயவுரை ஆற்ற ஒரு பேராசிரியர். அவர் வரமுடியாமற் போனால் என்னைப் போன்ற ஓர் ஆசிரியர். பின்னர் மீதிப் பிரதிகள் கவிஞரின் வீட்டு அலுமாரியில் தூங்கும். நூலை ஊன்றி வாசித்து நாலு பக்கம் எழுதுவோர் அரிது.

2017 இல் வெளிவந்த அஹ்னாப் ஜஸீமின் 'நவரசம்' தொகுதியை நானும் அப்படித்தான் தவறவிட்டேன். அப்படியொரு நூல் இருப்பதை நான் அறிந்ததே, 2020 மே மாதம் அதன் ஆசிரியர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்ட பின்னர்தான். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர். தமிழ் கற்பித்த ஆசிரியர். எனக்கு முன்பே புலனாய்வாளர்கள் அந்நூலை வாசித்து முடித்திருந்தார்கள். அந்த வாசிப்பைப் பற்றித்தான் இங்கு பேச விரும்புகிறேன்.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயருடன் வந்தது. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 2 ஆம் பிரிவு ஆயுதங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேசப்பட்ட அல்லது வாசிக்கப்படவென எழுதப்பட்ட சொற்களால் இன, மத ஒற்றுமையின்மையையோ, சமூகங்களுக்கிடையே பகையுணர்வையோ ஏற்படுத்துவதும், ஏற்படுத்த எண்ணுவதும் குற்றம் என்கிறது. ஒரு கவிதை வாசகனிடம் என்ன உணர்வை எழுப்பும் என்பது விமர்சகர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வராத விடயம். சட்டமோ முதற் கட்டத்தில் அதைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஒரு பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்தது. அமைச்சரின் தடுப்புக் காவல் உத்தரவு மூன்று மூன்று மாதங்களாக நீண்டு, அன்றைய நிலையில் 18 மாதங்கள் வரை செல்லலாம். 2022 இன் திருத்தம்தான் அதை 12 மாதங்களாகக் குறைத்தது.

வாசிப்புப் பிழைத்தால் திருத்துவதற்கு நீதிமன்றம் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. அஹ்னாபுக்கு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதிலிருந்து பிணை வரை ஏறத்தாழ 19 மாதங்கள். விடுதலை வரை மூன்றரை வருடங்கள். ஒரு பிழையான பொழிப்புரைக்கு ஓர் இளைஞன் கொடுத்த விலை இது.

அந்த வாசிப்பின் முறையியலை நாம் கவனிக்க வேண்டும். கவிதை தமிழில், விசாரணை சிங்களத்தில். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு. உவமையும் உருவகமும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது வாக்குமூலமாக மாறிவிட்டன. மூலத்தை வாசித்த தமிழ் அறிஞர்கள் சிலர், அதில் இருப்பது தீவிரவாதமல்ல, வன்முறைக்கு எதிரான குரலே என்று எழுதினார்கள். தொகுதியின் பெயரிலேயே ஒரு திறவுகோல் இருந்தது. வீரமும் கோபமும் அச்சமும் சுவைகளாகக் கொள்ளப்படும் ஒரு மரபின் பெயர் அது. தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியும் ஒன்று. சாதாரண தர வகுப்பில் நயம் கற்பிக்கத் தொடங்கும்போது, கவிதையில் 'நான்' என்று பேசுபவனைக் கவிஞன் என்றே எடுத்துக்கொள்ளாதே என்பதைத்தான் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் இந்தப் பாடம் கோவைகளுக்குள் நுழையவில்லை.

இந்த முறையைக் கொண்டு எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை வாசித்துப் பாருங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையொட்டி எழுந்த கவிதை. கனவொன்றில் புத்தர் கொல்லப்படுகிறார்; கொல்பவர்கள் அரசின் காவலர்கள். சொல்லுக்குச் சொல் பொழிப்புரை எழுதினால் புத்தரைக் கொன்ற கவிதை இது. பௌத்தர்களின் மனதைப் புண்படுத்துகிறது. கவிதையாக வாசித்தால், புத்தரின் பெயரால் ஆள்பவர்கள் புத்தரையே கொன்றுவிட்டார்கள் என்ற பெருந்துயரம். புத்தரை இவ்வளவு மதித்து எழுதப்பட்ட தமிழ்க் கவிதைகள் குறைவு. அது எழுதப்பட்டபோதும் இதே சட்டம் அமுலில் இருந்தது. அன்று இக்கவிதைக்கு அப்படியொரு பொழிப்புரை எழுதப்படவில்லை என்பது கவிதையின் அதிர்ஷ்டம் மட்டுமே. எழுதுபவனின் உரிமை அதிர்ஷ்டத்தில் தங்கியிருக்கலாகாது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததென்று நாம் ஒப்பாரி வைக்கவும் கூடாது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் இட்ட ஒரு சிறுகதைக்காக, பிக்குகளின் முறைப்பாட்டின் பேரில் 2019 ஏப்ரல் 1 ஆம் திகதி கைதானார். ஓகஸ்ட் மாதம்தான் பிணை. 2021 பெப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2020 ஏப்ரலில், பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துரீதியான 'ஜிஹாத்' செய்யுமாறு எழுதிய ரம்சி ராசிக் கைதானார். வாளை விலக்கிப் பேனாவை எடுக்கச் சொன்ன வாக்கியத்தில், ஒரு சொல் மட்டும் வாசிக்கப்பட்டது. அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. இவ்விருவர் மீதும் பிரயோகிக்கப்பட்டது, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயத்தின் பெயரால் 2007 இல் இயற்றப்பட்ட சட்டம். உரிமையைக் காக்கவென வந்த சட்டமே எழுத்தாளனைச் சிறைக்கு அனுப்பியது.

கைதானவர்களை எண்ணிவிடலாம். கைதாகாதவர்களுக்கு நேர்ந்ததை எப்படி எண்ணுவது? 2019 ஏப்ரல் 21 இன் பின்னர், ஊர் ஊராகச் சோதனைகள் நடந்த நாட்களில், என் வீட்டிலிருந்த அரபெழுத்து நூல்களை நான் ஓர் உரப்பையில் கட்டினேன். அவற்றுள் மூத்தம்மா ஓதிவந்த ஓர் அரபுத் தமிழ் மாலையும் இருந்தது. எழுத்து அரபு, மொழி தமிழ், உள்ளே பெண்பிள்ளைகளுக்கான புத்திமதி. சோதனைக்கு வருபவருக்கு இதை எப்படி விளக்குவேன் என்று எண்ணிப் பார்த்தேன், முடியாதென்று தோன்றியது. பையைக் கிணற்றடிக்குப் பின்னால் புதைத்தேன். மாரி முடிந்து தோண்டியபோது மாலை கூழாகிவிட்டிருந்தது. எங்கள் வீட்டைச் சோதனையிட எவரும் வரவேயில்லை.

அடுத்த வருடங்களில் ஒருநாள், தமிழ்மொழித் தினப் போட்டிக்காக ஒரு மாணவன் கவிதை எழுதி வந்தான். அநீதியைக் கண்டு 'வாளெடு' என்றிருந்தான். நான் அதை வெட்டினேன். "ஏன் சேர்?" என்றான். எதுகை சரியில்லை என்றேன். எதுகை சரியாகத்தான் இருந்தது. அன்று அந்தக் கொப்பியை வாசித்தவன் தமிழாசிரியன் அல்ல. கோவைகளில் நான் குறை காணும் அதே வாசகன்தான்.

இனி நம்மைப் பற்றியும் ஒரு சொல். அஹ்னாபுக்காகப் பேசியவர்களில் பலர், அவை மிதவாதக் கவிதைகள், சமாதானக் கவிதைகள் என்று வாதாடினார்கள். வழக்குக்கு அது தேவைப்பட்டது. இலக்கிய வாதமாக அது போதாது. நல்ல கருத்துச் சொன்னதால்தான் விடுதலை என்றால், நாளை கோபத்தை மட்டும் பாடிய ஒருவனை நாம் கைவிட்டுவிடுவோம். அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் சுதந்திரம் அளிக்கிறது; கவிதை நன்றாயிருக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்கவில்லை. வன்முறையைத் தூண்டுவது வேறு, கோபத்தை எழுதுவது வேறு. கவிஞனுக்கு மோசமான கவிதை எழுதவும் உரிமையுண்டு. அது மோசமானது என்று சொல்ல வேண்டியவன் விமர்சகன். பொலிஸ் நிலையத்துக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் விமர்சகன் தன் வேலையைச் செய்திருக்க வேண்டும். 'நவரசம்' பற்றி 2017 இலோ 2018 இலோ இத்தகைய இதழ்களில் விரிவான கட்டுரைகள் பல வந்திருந்தால் கைதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அந்தக் கவிதைகளுக்கு முதல் உரைகாரர்களாக நாம் இருந்திருப்போம். சட்டத்தரணியின் கையில், கைதுக்கு முன்னர் எழுதப்பட்ட நேர்மையான வாசிப்புகளும் இருந்திருக்கும்.

அந்த மாணவன் இப்போது பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டான். கண்டால், அவனது எதுகை சரியென்று சொல்ல வேண்டும். இளையவர்கள் அன்போடு தந்த மூன்று கன்னித் தொகுதிகள் என் மேசையில் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன. அடுத்த இதழுக்கு அவற்றைப் பற்றி எழுதுவதாக ஆசிரியருக்கு வாக்களித்திருக்கிறேன். குறைகளையும் சேர்த்துத்தான்.