ராத்திரி எரியும் கால்களும் பால் பிராண்டின் புத்தகமும்

பால் பிராண்டின் 'பெயின்: த கிஃப்ட் நோபடி வாண்ட்ஸ்' புத்தகத்தை முதல்முறை படித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அசந்து போனேன். பார்த்தவர்களிடம் எல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். போன மாதம் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை படித்தது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், நடுராத்திரி தாண்டி. அம்மாவுக்கு இருபது வருஷ சர்க்கரை. படுத்த அரைமணி நேரத்தில் "பாதம் பத்திக்கிட்டு எரியுதுடி" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அங்கே உட்கார்ந்து படித்தால் புத்தகத்தின் பலமும் தெரிகிறது, ஓட்டையும் தெரிகிறது.

பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாததால்தான் சுட்டுக்கொண்டும், வெட்டிக்கொண்டும், புண்ணோடு நடந்தும் அவர்கள் விரல்களை இழக்கிறார்கள் என்று காட்டியவர். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுபோனார். ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய இந்தப் புத்தகம் 1993-ல் வந்தது.

புத்தகத்தில் மறக்க முடியாத இரண்டு இடங்களுமே படுக்கையில் நடப்பவை. ஒன்று, எலிக் கதை. வேலூரில் சில நோயாளிகள் காலையில் எழுந்து பார்த்தால் விரலில் ஒரு துண்டு இருக்காது. ராத்திரி காவல் இருந்து பார்த்ததில், எலி கடித்துக்கொண்டிருந்தது. வலிக்காததால் ஆள் எழவே இல்லை. அதற்கப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். இன்னொன்று அவருடைய சொந்தக் கதை. லண்டனில் ஒரு ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்று விடிய விடிய படுத்துக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீர் என்றது. ரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்.

வலி நம்மைக் காக்கிற காவல்காரன் என்பதுதான் புத்தகத்தின் வாதம். வலி தெரியாதவர்களைப் பொறுத்தவரை இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்க மாட்டேன். எனக்குச் சண்டை 'பரிசு' என்ற அந்தச் சொல்லோடுதான். நாள்பட்ட வலியைப் பற்றியும் அவர் பேசுகிறார். ஆனால் படித்து முடித்தபின் மனதில் நிற்பது, வலி இருந்தால் காவல் இருக்கிறது என்ற எண்ணம்தான். அம்மாவின் பாதத்தில் அது பொய்.

அம்மாவின் டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. "எங்க தொடுறேன் சொல்லுங்க" என்றார். கட்டைவிரலிலும் முன்பாதத்திலும் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதே பாதம்தான் ராத்திரி எரிகிறது. அதே பாதத்தில்தான் போர்வை பட்டாலே முள் குத்துகிறது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை; சர்க்கரை முதலில் அரிப்பது அவற்றின் நுனியை. அரிபட்ட நரம்பு வெளியே நடப்பதைச் சொல்லாது; உள்ளுக்குள் சும்மா கத்திக்கொண்டே இருக்கும். திருடன் வந்தால் குறட்டை விட்டு, யாரும் வராதபோது ஊரைக் கூட்டுகிற காவல்காரன்.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. போன வருஷம் அம்மாவைத் தேற்றுவதற்காக, பிராண்டை மனதில் வைத்து, "வலி இருக்குன்னா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம்மா" என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் ஒரு நாள் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். காலையில் குதிகாலில் கொப்புளம். ஆற மூன்று மாசம் ஆனது. "எரிச்சல் தெரியுதே, சூடும் தெரியும்னு நினைச்சேன்டி" என்றாள். அந்த நினைப்பைக் கொடுத்தது நான்.

கால் எரிச்சலுக்கு நம்மூரில் வழக்கமாகச் சொல்லும் யோசனைகளிலும் இதே தப்புதான். வெந்நீர் ஒத்தடம் கொடு, ஐஸ் வை, பக்கெட் தண்ணீரில் காலை விடு. இதமாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மரத்த பாதத்தில் இதம் வேறு, பாதுகாப்பு வேறு. சூடு சுடும், ஐஸும் புண்ணாக்கும், தண்ணீரிலேயே ஊறினால் தோல் பிய்யும். இது எதையுமே அந்தக் கால் சொல்லாது.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கேள்வி. "இதமா இருக்கா?" என்பதற்கு அம்மா பதில் சொல்லலாம். "ஆபத்தா?" என்பதற்குக் கண்தான் பதில் சொல்லும். போர்வை பாதத்தில் படாமலிருக்க, ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு பக்கம் வெட்டிக் கூடாரம் மாதிரி கால்மாட்டில் வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் இதற்கென்றே கம்பிச் சட்டம் உண்டு. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். குளிருக்கு இறுக்கமில்லாத பருத்தி சாக்ஸ். எரிச்சலுக்கு ஃபேன் காற்று போதும். சாதாரண வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. பிரிகாபலின், டுலாக்ஸடின் மாதிரி மருந்துகளே வேறு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும் என்பதால் அம்மாவுக்கு அதையும் பரிசோதித்தோம்.

பிராண்டின் புத்தகத்தில் எனக்கு இப்போது மிகவும் பிடித்த இடம் அவர் தோற்ற இடம். வலி தெரியாதவர்களுக்காகச் செயற்கை வலிக் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். அழுத்தம் கூடினால், உணர்ச்சி இருக்கிற இடத்தில் ஷாக் அடிக்கும். நோயாளிகள் தங்களுக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தால் அதை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். எச்சரிக்கை நம் கையில் இருந்தால் அணைத்துவிடுவோம் என்று புரிந்துகொண்டு திட்டத்தைக் கைவிட்டார்.

தினமும் காலையில் அம்மாவின் பாதத்துக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு நிமிஷ வேலை. "நேத்துதானே பாத்த, இன்னைக்கு வேணாம்டி" என்பாள். அவளுடைய கருவியின் ஸ்விட்ச் அதுதான். அதனால் கண்ணாடி பார்த்த பிறகுதான் காபி என்று வைத்திருக்கிறேன்.