பெனால்டி கார்னர்: கடைசிப் பத்து நிமிடப் பாடம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி எட்டு ஆட்டங்களில் (ஷூட்-அவுட் நீங்கலாக) 15 கோல் அடித்தது. அதில் 10 ஹர்மன்ப்ரீத் சிங் ஒருவர் அடித்தவை. எல்லாமே பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. வெண்கலத்துக்காக ஸ்பெயினை 2-1 என்று வென்ற ஆட்டத்திலும் இரண்டு கோலுமே பெனால்டி கார்னர்தான்.

இதைச் சொன்னால் பழைய ஹாக்கி ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். "அதெல்லாம் ஒரு கோலா? நாலு பேரை ஏமாத்திக் கொண்டுபோய் அடிக்கணும்" என்பார்கள். ரசனையாக இது சரி. ஆனால் பயிற்சி நேரத்தைப் பிரிக்கும்போதும் இதே ரசனைதான் முடிவெடுக்கிறது. அங்கேதான் எனக்குச் சண்டை.

எங்கள் ஆத்தூருக்கு வெற்றிலை எப்படியோ, அப்படித்தான் இதே தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டிக்கு ஹாக்கி. 2022 ஆசியக் கோப்பையில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். உடன் ஆடிய அரியலூர் கார்த்தி செல்வம் பயிற்சி எடுத்ததும் அங்கேதான். இருவருமே முன்கள ஆட்டக்காரர்கள். இந்தப் பக்கம் நான் வேடிக்கை பார்த்த கல்லூரி அணிகளின் பயிற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஓட்டம், பாஸிங், இரண்டு பக்கமாகப் பிரிந்து ஒரு மேட்ச். இருட்டும் நேரத்தில் "சரி, கார்னர் போடுங்கப்பா". பத்து நிமிடம். எல்லோரும் களைத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் அடித்துக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் பந்து பொறுக்குவார்கள்.

பெனால்டி கார்னர் ஒருவரின் வேலை இல்லை. கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் நின்று ஒருவர் பந்தைத் தள்ளவேண்டும். இன்னொருவர் அதை வட்டத்துக்கு வெளியே நிறுத்தவேண்டும். மூன்றாமவர் ஃபிளிக் செய்யவேண்டும். தள்ளுவது கொஞ்சம் பிசகினாலோ, நிறுத்துபவர் மட்டையில் பந்து துள்ளினாலோ எப்பேர்ப்பட்ட ஃபிளிக்கராலும் ஒன்றும் செய்ய முடியாது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், மூன்று மாட்யூல். நாம் மூன்றாவதை மட்டுமே டெஸ்ட் செய்கிறோம்.

அதைவிட மோசம் தடுக்கும் பக்கம். கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர். அதில் முதலில் பாய்ந்து ஓடுபவர், ஃபிளிக் வரும் பாதையிலேயே ஓடுகிறார். முதல் அடி 'ஹிட்' என்றால் பந்து 460 மில்லிமீட்டர் பலகை உயரத்துக்குள் கோல்கோட்டைக் கடக்கவேண்டும். ஃபிளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது. பந்து முட்டிக்கும் வரலாம், முகத்துக்கும் வரலாம். எந்தக் கோணத்தில் ஓடுவது, மட்டையை எங்கே வைப்பது என்று சொல்லித்தராமல் ஒரு பையனை அங்கே அனுப்புவது தைரியம் இல்லை, அலட்சியம்.

இந்திய அணியில் அந்த முதல் ஓட்டக்காரர் அமித் ரோஹிதாஸ். பாரிஸில் பிரிட்டனுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கியதால் அரையிறுதியில் அவர் இல்லை. அதில் ஜெர்மனி 3-2 என்று வென்றது. அவர்களின் முதல் கோல் பெனால்டி கார்னரில் கொன்சாலோ பெய்யாட் அடித்தது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு இரண்டாவது ஆளையும் முழுசாகத் தயார் செய்து வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலிலும் இதே இழுபறி உண்டு. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் மாணவர்களுக்குப் பயிற்சி கூடாது என்பது அங்கே விதி. பந்தை உதைக்கும், உதையைத் தடுக்கும் 'ஸ்பெஷல் டீம்ஸ்' பிரிவுக்கு அதில் எவ்வளவு கொடுப்பது? 1987 முதல் 2015 வரை வர்ஜீனியா டெக்கின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஃபிராங்க் பீமர் அந்தப் பிரிவைத் தானே கவனித்துக்கொண்டார். எதிரணி உதைகளைத் தடுப்பது அந்த அணியின் அடையாளமாகவே ஆனது. தலைவரே நேரம் ஒதுக்கினால் ஆட்டக்காரர்களும் அதை மதிப்பார்கள்.

அதற்காக நாள்முழுக்க ஃபிளிக் அடிக்கச் சொல்லவில்லை. வளரும் பையனின் முதுகுக்கு அது ஆகாது, எண்ணி அடிக்கவேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்: வாரத்தில் இரண்டு நாள், உடம்பு சூடானதும், களைப்பதற்கு முன், 25 நிமிடம். அதில் பாதி தடுப்பவர்களுக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர். முகக்கவசமும் முட்டிக்கவசமும் இல்லாத நாளில் டென்னிஸ் பந்து.

பாஸிங்கிலிருந்து 25 நிமிடம் போகிறதே என்றால், ஆமாம், போகும். ஆனால் அழகாகப் பாஸ் செய்து வட்டத்துக்குள் நுழையும் அணிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பரிசே பெனால்டி கார்னர்தானே? அதை வாங்கத் தெரிந்து செலவழிக்கத் தெரியாவிட்டால், அத்தனை பாஸிங்கும் எதற்கு?