அயல்மண்ணில் எழுந்த டெஹ்ரான்

ஒரு தேசத்தின் கதையை அத்தேசத்திலேயே படமாக்க அதன் சட்டம் இடங்கொடாதபோது, வேறொரு நகரத்துக்குத் தன் ஊரின் வேடத்தைப் புனைந்து படம்பிடிப்பது திரையுலகில் புதிய வழக்கமன்று. எனினும், தம் முதற் கதைப்படத்தையே அவ்வாறு எடுக்கத் துணிந்த மரியம் கெஷாவர்ஸின் 'சர்க்கம்ஸ்டன்ஸ்' (2011), அவ்வழக்கத்தின் லாப நஷ்டங்களை எடைபோடுவதற்கு மிகவும் தக்கதோர் உதாரணம். நியூயார்க்கில் பிறந்து, இளமையில் சில காலம் ஷிராஸிலும் வளர்ந்தவரும், தம் பால்நாட்டத்தை ஒளித்துக்கொள்ளாதவருமான இவர், டெஹ்ரானில் வாழும் அதாஃபே, ஷிரீன் என்னும் இரு மாணவிகளின் காதலைப் பாரசீக மொழியிலேயே சொல்ல விரும்பினார். பெண்ணும் பெண்ணும் கூடினால் 100 கசையடி என்று விதித்துள்ள நாட்டில் இதற்கு அனுமதி கேட்பதே வீண். ஆகவே பெய்ரூட் டெஹ்ரானாயிற்று. லெபனானும் முழு அபயம் அளிக்கும் பூமியன்று. அதன் தண்டனைச் சட்டத்திலும் 'இயற்கைக்கு மாறான' உறவைத் தண்டிக்கும் 534ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதனால் அங்குள்ள அதிகாரிகளிடம் வேறொரு திரைக்கதையைக் காட்டித்தான் காரியத்தை நடத்த வேண்டியிருந்தது.

இம்முறையின் தலையாய அனுகூலம் வீட்டினுள்ளே புலப்படுகிறது. ஈரானில் எடுக்கப்படும் படங்களில், தாயும் மகளும் தனித்திருக்கும் அறையிலும், ஏன், உறங்கும் படுக்கையிலுங்கூட, பெண்ணின் தலையில் முக்காடு இருந்தாக வேண்டும்; நடிப்பவர் அந்நியராதலால், கணவன் மனைவியின் கையைப் பற்றவும் விதி இல்லை. வாழ்வில் எவரும் அப்படி உறங்குவதில்லை என்று நன்கறிந்த ரசிகர்களே அந்தப் பொய்யைப் பொறுத்துப் பழகிவிட்டார்கள். கெஷாவர்ஸின் பெண்களோ வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் முக்காட்டைக் களைகிறார்கள். அச்சிறு செய்கையில் உள்ள யதார்த்தம், அந்நாட்டுப் பேராசான்களின் படங்களிலும் கிட்டாதது. போதையிலிருந்து மீண்டு பக்திமானாகிவிட்ட அண்ணன் மெஹ்ரான், அதே வீட்டில் இரகசியமாகக் காமிராக்களைப் பொருத்தி, தெருவின் காவலை அறைக்குள் கொண்டுவருகிறபோது, நாம் இழப்பது இன்னதென்று நமக்கு விளங்குவதற்கும் அந்த யதார்த்தமே காரணம்.

தெருவுக்கு வந்தால் கதை வேறு. டெஹ்ரான் அல்போர்ஸ் மலையின் அடிவாரத்து நகரம். பெய்ரூட் கடலோரத்து நகரம். ஒன்றை மற்றொன்றாகக் காட்டவேண்டிய காமிரா சுவர்களையும் சந்துகளையும் விட்டு அகலத் தயங்குவதால், இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் பெருநகரம் சில மூலைகளாகச் சுருங்கிவிடுகிறது. நாயகியராக நடித்த நிகோல் பூஷேரி கனடாவிலும், சாரா காசெமி பாரிஸிலும் வளர்ந்தவர்கள். அவர்களுடைய உச்சரிப்பில் புலம்பெயர்ந்த வாடை வீசுகிறது என்று ஈரானியர் கூறிய ஆக்ஷேபத்தைப் புறக்கணிப்பதற்கில்லை.

இவையெல்லாம் மன்னிக்கத்தக்கவை, தூரத்தால் நேர்ந்தவை. எனக்கு உறுத்துவது வேறொன்று. இரு பெண்களும் துபாயில் வாழப்போவதாகக் காணும் கனவுக்காட்சிகள், பளபளப்பான விளம்பரப் படத்தின் சாயலில் அமைந்து, அவர்களுடைய ஆசையை அவர்களிடமிருந்தே பறித்து, அயல்நாட்டுப் பார்வையாளரின் கண்ணுக்கு அலங்கரித்து வைக்கின்றன. சட்டத்தின் கையிலிருந்து தப்பிய கலைஞர், தம்மை ஆதரிக்கும் திரைவிழாக்களின் ருசிக்கு அறிந்தோ அறியாமலோ இணங்கிவிடுவது இம்முறையின் ஆழ்ந்த தோஷம். சன்டான்ஸ் விழாவில் 2011இல் ரசிகர் பரிசு கிடைத்ததை நான் குறைகூறவில்லை; எந்த ரசிகர் என்பதைத்தான் கேட்கிறேன். (இளைஞர்கள் 'மில்க்' என்ற அமெரிக்கப் படத்துக்குக் கள்ளத்தனமாகப் பாரசீகக் குரல் கொடுக்கும் காட்சி அக்கனவுக்காட்சிகளுக்கு நேர்மாறு, குறும்பும் உண்மையும் அதில் ததும்புகின்றன.)

அதே ஆண்டில், அரசாங்க அனுமதியுடன் ஈரானிலேயே நெகார் அசர்பாய்ஜானி எடுத்த 'ஃபேசிங் மிரர்ஸ்' படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெண்ணுடலில் பிறந்து ஆணாக வாழ விழையும் ஒருவரும், வறுமையால் டாக்ஸி ஓட்டும் ஒரு பெண்ணும் மெய்யான டெஹ்ரான் வீதிகளில் மெய்யான நெரிசலில் பயணம் செய்கிறார்கள்; பேச்சும் வெளிச்சமும் அம்மண்ணுக்கே உரியவை. பால்மாற்றச் சிகிச்சையை ஈரான் சட்டம் ஏற்கிறது. அதனால்தான் அப்படம் சாத்தியமாயிற்று. அதாஃபேயும் ஷிரீனும் அந்த டாக்ஸியில் ஏறியிருக்க முடியாது.