அரை சிசி கணக்கு

கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளைச் சீட்டில் கிரீஸ் தடவி அமர்த்தி, ஸ்பார்க் பிளக்கை முறுக்கி, வாய்ப்பகுதியில் துளையிட்ட அக்ரிலிக் தகடு ஒன்றை ஒட்டி, பியூரெட்டிலிருந்து நிறம் சேர்த்த மண்ணெண்ணெயைத் துளித்துளியாக இறக்குகிறார்கள். எஞ்சின் கட்டுபவர்கள் எரிகலனின் கொள்ளளவை அளக்கும் முறை இது. பிளஸ் டூ ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்த கைக்கு இது புதிதல்ல. கிடைத்த அளவோடு கேஸ்கெட் தரும் இடத்தையும், பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் அதன் மேல் மிஞ்சும் இடத்தையும் கூட்ட வேண்டும். பிஸ்டன் தலை புடைத்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும். அந்தத் தொகையோடு சிலிண்டரின் சிசியைச் சேர்த்து, அதே தொகையால் வகுத்தால் கம்ப்ரஷன் ரேஷியோ வந்துவிடும். இந்த முறை ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்க மிகச் சிறந்தது. ஆனால், இதுதான் இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் என்று தனி எண் ஒன்றை அறிவிக்க, அதிலும் நம் தெருக்களில் ஓடும் சின்ன வண்டிகளுக்கு, இதை அப்படியே நம்ப முடியாது என்பது என் முடிவு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். ஸ்ப்ளெண்டரின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ., கொள்ளளவு 97.2 சிசி. கம்ப்ரஷன் 9:1 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டனுக்கு மேல் இருக்கும் மொத்த இடமே 12.15 சிசிதான். அளவில் அரை சிசி முன்பின்னாகப் போனால் விடை 8.7 முதல் 9.3 வரை எங்கு வேண்டுமானாலும் விழும். அதே அரை சிசி பிழையை 346 சிசி புல்லட்டில், 8.5 கம்ப்ரஷனில் வையுங்கள்: 8.4-க்கும் 8.6-க்கும் நடுவே நின்றுவிடும். கையும் கருவியும் ஒன்றுதான். சின்ன எஞ்சினில் பிழை நான்கு மடங்காகி வருகிறது. பெரிய அமெரிக்க வி8 எஞ்சின்களுக்காக எழுதப்பட்ட செய்முறையை 100 சிசி வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அரை சிசி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். 50 மில்லி பியூரெட்டில் ஒரு கோடு 0.1 மில்லி. அது கிடைக்காமல் மருந்துக்கடையில் வாங்கிய 10 மில்லி ஊசிக்குழாயால் அளந்தால் ஒரு கோடு 0.2 மில்லி, 12 மில்லி ஊற்ற இரண்டு முறை நிரப்ப வேண்டும், இரண்டு முறையும் கண் பிசகலாம். தகட்டின் கீழ் மிஞ்சிய கிரீஸ் உள்ளே பிதுங்கினால் அளவு குறையும். தகட்டின் துளையை உயரமான பக்கத்தில் வைத்து ஹெட்டைச் சற்றே சாய்க்காவிட்டால் காற்றுக்குமிழி தங்கிவிடும். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கேஸ்கெட். இறுக்கிய பிறகு அதன் கனம் என்ன என்பதில் 0.2 மி.மீ. தவறினால் அதுவே ஏறக்குறைய 0.4 சிசி. பியூரெட் முன்னால் மணிக்கணக்கில் பொறுமை காட்டிவிட்டு, கேஸ்கெட் கனத்தை மட்டும் உத்தேசமாகப் போடுவது பட்டறைகளில் சாதாரணம். கணக்கு உடைவதும் அங்கேதான்.

ஒப்பிடும்போது இந்தப் பிழைகளில் பெரும்பகுதி விலகிவிடுகிறது. வளைந்துபோன ஹெட்டை லேத்தில் அரை மி.மீ. சீவுகிறார்கள் என்று கொள்வோம். எரிகலனின் வாய் போர் அளவுக்கு அகன்றிருந்தால் ஏறக்குறைய 1 சிசி போய்விடும். ரேஷியோ 9-லிருந்து 9.7-க்கு ஏறும். சீவுவதற்கு முன்னும் பின்னும் அதே தகடு, அதே கிரீஸ், அதே கையால் அளந்திருந்தால், இரண்டு எண்களும் தனித்தனியே தவறாக இருந்தாலும் வித்தியாசம் சரியாகவே இருக்கும். குமிழியைப் போல ஆளுக்கும் நேரத்துக்கும் மாறும் பிழைகளுக்கு மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் போதும். நான்கு சிலிண்டர் ஹெட்டில் நான்கு அறைகளும் சமமா என்று பார்ப்பதிலும் இதற்கு ஈடான எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கம்ப்ரஷன் கேஜைச் செருகி உதைத்தால் ஒரு நிமிடத்தில் தெரியுமே என்று சிலர் சொல்வார்கள். கேஜ் காட்டுவது அழுத்தம். ரிங் தேய்மானம், வால்வு கசிவு, உதையின் வேகம், காற்றின் அடர்த்தி எல்லாம் அதில் கலந்திருக்கும். மதுரையில் நல்ல எண் காட்டிய வண்டி கொடைக்கானல் ஏறினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். எரிகலன் சுருங்கவுமில்லை, விரியவுமில்லை. நோய் கண்டுபிடிக்க கேஜ் நல்ல கருவி, கொள்ளளவைச் சொல்ல அது உதவாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பியூரெட் அளப்பது குளிர்ந்து, அசையாமல் கிடக்கும் உலோகத்தை. ஓடும் எஞ்சினில் பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு திறந்தே இருக்கிறது. உண்மையான அழுத்தம் தொடங்குவது அது மூடிய பிறகுதான். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் 13:1 என்ற எண்ணோடு சாதாரண பெட்ரோலில் ஓடியது இந்த வால்வைத் தாமதமாக மூடித்தான். டூ ஸ்ட்ரோக்கில் குழப்பம் இன்னும் கூடுதல். 98 சிசி சிலிண்டரில் 10 சிசி அறை இருந்தால் முழு ஸ்ட்ரோக்கையும் கணக்கிடுபவர் 10.8 என்பார், எக்சாஸ்ட் போர்ட் மூடியதிலிருந்து கணக்கிடும் ஜப்பானிய வழக்கப்படி, 60 சதவீத ஸ்ட்ரோக் மிச்சமிருந்தால், அது 6.9. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2026-க்கான விதி உச்சவரம்பை 18-லிருந்து 16-ஆக இறக்கியது. அதைக் குளிர்ந்த நிலையில் அளப்பதா, சூடான நிலையில் அளப்பதா என்று சீசன் தொடங்கும் முன்பே சர்ச்சை கிளம்பிவிட்டது. உலகின் மிக நுட்பமான எஞ்சின்களுக்கே இந்த நிலை.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனாலும் அளப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. எண்ணைத் துரத்துவதைத்தான் விட வேண்டும். காற்றை மட்டும் கருதும் பாடப்புத்தகச் சூத்திரப்படி ரேஷியோ 8-லிருந்து 9 ஆனால் திறன் 56.5 சதவீதத்திலிருந்து 58.5 ஆகிறது, 9-லிருந்து 10-க்குப் போனால் 60.2. கிடைப்பது படிக்குப் படி குறைகிறது, நாக்கிங் ஆபத்தோ கூடிக்கொண்டே போகிறது. கடைசிப் புள்ளி இரண்டுக்காக ஹெட்டை மேலும் சீவுபவர், ஓரத்தில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிஞ்சியது என்று பார்த்தாரா என்பதே என் கேள்வி. நாக்கிங்கை அடக்குவதில் அந்த இடைவெளிக்குப் பெரும் பங்கு உண்டு. பியூரெட் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிஸ்டன் மேல் ஈயக்கம்பித் துண்டு ஒன்றைக் கிரீஸால் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் வைத்தால் தெரிந்துவிடும். சீவும் முன்பே இதையும் ஒரு முறை அளந்து, எரிகலனின் அளவுக்குப் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும்.