அழுகின்ற அன்னையும் நிற்கின்ற அன்னையும்

சமய இலக்கியம் பற்றிப் பேசுமிடத்து நம்மிடையே இரு மனப்பான்மைகள் மேலோங்கி நிற்கின்றன. அது திருப்பொருளாதலின் திறனாய்வுக்கு அப்பாற்பட்டது என்பர் பக்தர். மதத்தை மார்க்ஸ் அபினுக்கு ஒப்பிட்டதை நினைவூட்டி, அதனைத் தொடவும் வேண்டாம் என்பர் முற்போக்காளருட் சிலர். 1844ஆம் ஆண்டில் எழுதிய அதே பந்தியில், துன்புறுவோரின் பெருமூச்சையும் மார்க்ஸ் மதத்திற் கேட்டார் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். வியாகுலப் பிரசங்கம் போன்றதொரு நூலை விளங்கிக்கொள்ள இவ்விரு மனப்பான்மைகளும் உதவமாட்டா.

ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை, தீவகத்துக் கத்தோலிக்கக் குடிகளிடையே தவக்காலம் என்பது இப்பிரசங்கத்தின் ஓசையோடு கலந்தது. யேசுநாதரின் பாடுகளையும் அவர்தம் அன்னையின் துயரையும் கூறும் இந்நூல் இராகத்தோடு வாசிக்கப்படும். கேட்போர் கண்ணீர் விடுவர். எழுத்தறியாத முதியோரும் அடுத்து வரும் சொல்லை முன்கூட்டியே அறிவர். நான் செவியாற் கேட்ட முதல் தமிழ் இலக்கியம் இதுவே. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற ஆண்டுகளில் வீரமாமுனிவரின் தேம்பாவணியைக் கற்றேன். அதே காலத்தில் எழுந்த இப்பிரசங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிலேன். கற்றோர் அவைக்கு எழுதப்பட்டது இலக்கியமாயிற்று. மீன்பிடிக்கும் மக்கள் மனத்திற் பதிந்தது வெறும் வழிபாடாக ஒதுக்கப்பட்டது.

இந்நூல் தோன்றிய சூழலை நோக்குதல் வேண்டும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரை 1658இல் ஒல்லாந்தர் வெளியேற்றினர். கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டனர். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகள் மறைவிலே பணிபுரிந்தார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். தமிழும் சிங்களமும் தாய்மொழியல்லாத இவரே இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். வியாகுலப் பிரசங்கமும் அவருடையதே. ஒரு பேரரசின் மதம் மற்றொரு பேரரசினால் ஒடுக்கப்பட்டபோது, அது ஒடுக்கப்பட்டோரின் குரலில் பேசக் கற்றுக்கொண்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டுச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை, பீடத்திலே பூசை இலத்தீனில் நடந்தது. அம்மொழி விளங்காத மக்களுக்கு இறையியலாக அமைந்தது இந்தப் புலம்பலே.

இதன் ஆற்றல் எங்குளது? நம் பெண்களின் ஒப்பாரியிலே உளது. சபையிலே பேசும் உரிமை மறுக்கப்பட்ட பெண், பிணத்தின் முன் மட்டும் உரத்துப் பேசலாம், முறையிடலாம், பழி கூறலாம். மகனை இழந்த தாயாக மரியாளைக் காட்டியபோது, விண்ணரசி நமது கரையிலுள்ள ஒரு வீட்டு முற்றத்தில் வந்தமர்ந்தாள். கடலுக்குப் போன மகன் திரும்பாத தாய்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆயின் குறையையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. பாடுகளைத் தியானிக்கும் இம்மரபு முழுவதன் நோக்கமும் கேட்போனை மனந்திரும்பச் செய்வதாகும். அவனது பாவமே அம்மரணத்துக்குக் காரணம் என்று அது அவனை நம்பவைக்கிறது. கொலையாளி இவ்வாறு மறைந்துவிடுகிறான். சிலுவை உரோம ஆட்சி தந்த தண்டனை. தீர்ப்பிட்டவன் உரோம ஆளுநன். விசுவாசப் பிரமாணம் போஞ்சியு பிலாத்துவின் பெயரை ஞாயிறுதோறும் சொல்கிறது. பழைய பாடுகளின் மரபோ பழியை யூத இனத்தின் மீது சுமத்தியது. அவ்வழக்கைத் திருச்சபை 1965இல்தான் கண்டித்தது. அதிகாரத்தை நோக்கிச் செல்லவேண்டிய வினா ஏழையின் நெஞ்சுக்குள்ளேயே திருப்பி அனுப்பப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆலயங்கள் சிலவற்றில் ஒரே யேசுவுக்காக அழுதவர்கள் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்து அழுதார்கள் என்பதையும் நாம் அறிவோம். அந்தக் கண்ணீர் அந்த இடைவெளியைக் கரைக்கவில்லை.

யோவான் நற்செய்தியைத் திறந்து பார்த்தால் ஒரு வியப்பு உண்டாகும். சிலுவையருகே அன்னை நின்றாள் என்று மட்டுமே அங்குள்ளது; அழுததாகச் செய்தி இல்லை. நாலாம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராயிருந்த அம்புரோசியாரே இதனைச் சுட்டியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலே இதே மரியாள் பாடும் பாடல், வலியோர் அரியணை இழப்பதையும் பசித்தோர் நிறைவு பெறுவதையும் பேசுகின்றது. இந்த மரியாளை முன்னிறுத்தியவர் நம் நாட்டுக் குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகள். 'மரியாளும் மானிட விடுதலையும்' என்னும் பொருள்பட அவர் 1990இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், அடக்கமும் கீழ்ப்படிவுமே உருவான மரியாளை மறுத்தது. அந்நூலின் பிறவிப் பாவம் முதலான கருத்துகளையும் காரணங்காட்டி, 1997 சனவரியில் அவர் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். ஓராண்டின் பின் மீளச் சேர்க்கப்பட்டார்.

இது ஏட்டு விவாதமன்று. 1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. 2006 ஆகஸ்ட் 13இல், அல்லைப்பிட்டியில் மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் எறிகணைகள் வீழ்ந்து உயிர்கள் பலியாயின. அவ்வாலயத்தின் பங்குக் குரு ஜிம் பிறவுண் அடிகள் ஒரு வாரத்தின் பின், ஆகஸ்ட் 20இல், உடன்சென்ற ஒருவரோடு காணாமற் போனார். அந்த ஆலயத்திலும் தவக்காலம் வருகிறது. அன்னையின் துயரம் நினைக்கப்படுகிறது. அங்கே கேட்கும் தாய்க்கு, உன் பாவமே காரணம் என்று நாம் சொல்ல முடியுமா?

2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கி, வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்தனர். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களுள் உளர். அவர்கள் அழுதார்கள், ஆனால் அழுகையோடு ஒரு வினாவையும் அதிகாரத்தை நோக்கி எழுப்பினார்கள். பிரசங்கத்தின் மரியாளும் நற்செய்தியின் மரியாளும் அங்கே ஒருத்தியாயினர்.

ஆதலால் அந்தப் புலம்பலைக் கைவிடுக என்று நான் கூறமாட்டேன். மக்களின் துயருக்கு மொழி கொடுத்த நூலை மூடநம்பிக்கை என்று தள்ளுவது மக்களையே தள்ளுவதாகும். அதனை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். அதன் தமிழையும் அதன் மௌனத்தையும் மாணவர்க்குக் காட்டுவோம். அழுகின்ற அன்னையை மூன்று நூற்றாண்டுகளாக நம் மக்கள் பேணியிருக்கிறார்கள். நிற்கின்ற அன்னையை அவர்களுக்கு அறிமுகஞ் செய்யும் கடன் ஆலயத்துக்கும் உண்டு. எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் உண்டு.