ஊருக்குத் திண்ணை கட்டியவர்

சாவோ பாலோவுக்குப் போகிற யார் என்னிடம் யோசனை கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வேன். பொம்பேயா பகுதிக்குப் போங்கள், செஸ்க் வளாகத்துக்குள் நுழையுங்கள், மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், இருட்டும்வரை வெளியே வராதீர்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. "யாரு நீங்க, எங்க போறீங்க" என்று மறிக்கிற ஆளும் கிடையாது. நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிற நண்பர்களைக் கேலி செய்த ஆள். இப்போது என் போனில் குடும்பப் படங்களைவிடக் கான்கிரீட் படங்கள்தான் அதிகம். எல்லாம் லினா போ பார்டி என்ற ஒரு பெண்மணி செய்த வேலை.

உள்ளே போனதும் கல் பாவிய ஒரு தெரு. இரு பக்கமும் பழைய ஆலைக் கொட்டகைகள், பூசாத செங்கல் சுவர்கள். 1930களில் இரும்புப் பீப்பாய் செய்யக் கட்டிய ஆலை இது. பிற்பாடு குளிர்பதனப் பெட்டி செய்தார்கள். வணிகத் துறை ஊழியர்களுக்கான செஸ்க் என்ற நல அமைப்பு 1970களில் இதை வாங்கியபோது, இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்றுதான் யோசனை. லினாவை அழைத்துக் காட்டினார்கள். 1976இல் முதல் தடவை வந்தவருக்கு ஆலையின் கான்கிரீட் சட்டகம் பிடித்துப்போயிற்று. அடுத்து ஒரு சனிக்கிழமை வந்தார். அன்றைக்குப் பார்த்ததுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. ஒழுகுகிற கூரைக்கு அடியில் பையன்கள் நனைந்தபடி பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் வாசல் பக்கம் கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் பொம்மலாட்டம். இந்தச் சந்தோஷம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது, இதைக் கெடுக்காமல் இருப்பதுதான் என் வேலை என்று தீர்மானித்துவிட்டார். எந்தக் கட்டடக்கலைஞருக்கு இந்த மனசு வரும்! காலி மனையைப் பார்த்தாலே தன் பெயர் பொறித்த கோபுரம் கண்ணில் தெரிகிற தொழில் அது.

தன் அலுவலகத்தையே கட்டுமான இடத்துக்கு மாற்றிக்கொண்டு, வருடக்கணக்கில் அங்கேயே இருந்து வேலை பார்த்தார். பெரிய கொட்டகையின் தரையில் வளைந்து வளைந்து ஓடுகிற ஒரு ஆழமில்லாத நீரோடை. பிரேசிலின் பெரிய ஆறான சாவோ பிரான்சிஸ்கோவின் பெயரை அதற்கு வைத்தார். பக்கத்தில் கணப்படுப்பு. நான் போன அன்று ஓடைக் கரையில் ஒரு தாத்தா செய்தித்தாளை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் எழுப்பவில்லை. நாடக அரங்கில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இருக்கைகள் எல்லாம் மெத்தையில்லாத மரப் பலகை. நாடகம் பார்க்கிறவர் சொகுசாகச் சாய்ந்து கண்ணயரக் கூடாது, ஈடுபாட்டோடு உட்கார வேண்டும் என்பது லினாவின் கட்சி. கொள்கை சரிதான். என் இடுப்பு அதற்கு உடன்படவில்லை.

பின்பக்கம்தான் உச்சம். 1986இல் முடிந்த விளையாட்டுக் கோபுரங்கள். மனையின் நடுவே பூமிக்கடியில் மழைநீர்க் கால்வாய் போவதால் அதன்மேல் எதுவும் கட்ட முடியாது. மீந்த இரண்டு துண்டு நிலத்தில் இரண்டு கோபுரங்களை எழுப்பி, விளையாட்டு அரங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார் லினா. பெரியதில் நீச்சல் குளமும் ஆட்டக்களங்களும், சின்னதில் உடை மாற்றும் அறைகள். இரண்டையும் இணைக்க, அந்தரத்தில் கோணல்மாணலாகப் பாய்கிற கான்கிரீட் பாலங்கள். உடை மாற்றிக்கொண்டு வெட்டவெளியில், காற்றில், சில நாள் தூறலில் பாலத்தைக் கடந்துதான் பந்தாடப் போக வேண்டும்! கால்வாய்க்கு மேலே மரப்பலகை பாவிவிட்டார். வெயில் நாளில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். கடல் இல்லாத ஊரில் அதுதான் அவர்கள் கடற்கரை. ஆட்டக்களச் சுவர்களில் சன்னல் என்று எதுவும் இல்லை. குகை மனிதன் குடைந்ததுபோலக் கோணலான ஓட்டைகள், கண்ணாடி கிடையாது, உள்ளே சிவப்பு மரத் தட்டிகள். பக்கத்தில் ஏறக்குறைய 70 மீட்டர் உயரத் தண்ணீர்க் கோபுரம், வளையம் வளையமாக வார்த்து ஏற்றியது. ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் கான்கிரீட் கசிந்து அப்படியே உறைந்து நிற்கிறது. யாரும் சீவி மழுக்கவில்லை. கசியட்டும் என்று திட்டமிட்டே வார்த்ததாம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன்.

யார் இந்த அம்மா என்று தேட ஆரம்பித்தால் வாழ்க்கையே ஒரு நாவல். 1914இல் ரோமில் பிறந்தார். 1939இல் கட்டடக்கலைப் பட்டம், கையோடு உலகப் போர். மிலானில் தொழில் தொடங்கினால் கட்ட வேலை எங்கே இருக்கிறது? பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தும் எழுதியும் காலம் தள்ளினார். 1943இல் விழுந்த குண்டில் அலுவலகமே போயிற்று. 1946இல் கலை வணிகரும் விமர்சகருமான பியெத்ரோ மரியா பார்டியைத் திருமணம் செய்துகொண்டு பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார். மறு வருடம் பத்திரிகை முதலாளி அசிஸ் ஷாத்தோப்ரியாங் தொடங்கிய மாஸ்ப் கலை அருங்காட்சியகத்துக்குப் பியெத்ரோ பொறுப்பாளர் ஆனார். 1951இல் லினா பிரேசில் குடியுரிமை வாங்கினார். அதே வருடம், சாவோ பாலோவின் மொரும்பி பகுதியில் ஆளரவமில்லாத சரிவில் தங்களுக்கென்று கட்டிய கண்ணாடி வீடும் முடிந்தது. முன்பாதி மெல்லிய குழாய்த் தூண்களில் மரங்களுக்கு நடுவே மிதக்கிறது. வீட்டின் நடுவில் ஒரு திறப்பு விட்டு, அதன் வழியே ஒரு மரம் மேலே போகிறது. அழகு, மறுக்கவில்லை. ஆனால் பின்பாதிக்குப் போய்ப் பாருங்கள். கெட்டியான சுவர்கள், சமையலறை, வேலைக்காரர்களுக்குத் தனி ஒதுக்கு. செஸ்க் கட்டிய லினா அந்த வீட்டில் இன்னும் பிறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

அந்த லினா பிறந்த இடம் பாயியா மாநிலத்தின் சல்வதோர் நகரம். 1950களின் கடைசியில் அங்கே போனவர், நவீன கலை அருங்காட்சியகத்தை நடத்தினார். வடகிழக்குச் சந்தைகளில் ஏழைகள் வீணான தகர டப்பாவில் செய்த விளக்கு, கந்தல் துணியைச் சேர்த்துத் தைத்த போர்வை எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். கடலோரப் பழைய மாளிகை ஒன்றைச் செப்பனிட்டபோது, மாட்டுவண்டிக்காரர்கள் மரத்தை மரத்தோடு முளையடித்துக் கோப்பதைப் பார்த்து, ஆணியே இல்லாமல் ஒரு மரப் படிக்கட்டு செய்தார். 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த வேலை நின்றது. மறு வருடம் ரோமில் நடக்கவிருந்த அந்த நாட்டார் பொருள்களின் கண்காட்சியையும் அரசு ரத்து செய்தது. தகர விளக்குக்கும் பயந்த ஆட்சி!

மாஸ்ப்புக்குப் புதுக் கட்டடம் சாவோ பாலோவின் பவுலிஸ்தா அவென்யூவில். அந்த மனையிலிருந்து கீழே பள்ளத்தாக்கும் நகரமும் தெரியும். அந்தக் காட்சியை மறைக்கக் கூடாது என்பது நிபந்தனை. லினா கட்டடத்தையே தூக்கிவிட்டார். தரையிலிருந்து 8 மீட்டர் உயரத்தில், நான்கே தூண்களில், 70 மீட்டருக்கும் மேல் நடுவில் எந்தத் தாங்கலும் இல்லாமல் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்குகிற பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டை வைத்து அதைச் சாத்தியமாக்கியவர் பொறியாளர் ஃபிகெய்ரேடோ ஃபெராஸ். 1968இல் திறப்பு விழாவுக்கு எலிசபெத் அரசி வந்தார். தூண்களில் இன்று நாம் பார்க்கிற சிவப்பு, பிற்பாடு 1990 வாக்கில் அடித்தது.

எனக்கு அரசியும் வேண்டாம், சாதனை நீளமும் வேண்டாம். கீழே விட்ட அந்த வெறும் இடம் போதும். நாட்டின் விலையுயர்ந்த சாலைகளில் ஒன்றில், ஒரு பெரிய கட்டடத்தின் தரைத்தளம் முழுவதையும் சும்மா விட்டுவிட்டார். வழிப்போக்கன் உட்கார நம் ஊர் வீடுகளில் திண்ணை விட்டதுபோல. பல வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழம்பொருள் சந்தை நடந்தது. ஊர்வலம் என்றால் அங்கேதான் கூட்டம். மழை வந்ததும் நானும் அங்கேதான் ஒதுங்கினேன், கைநிறைய பலூனோடு ஒரு வியாபாரியின் பக்கத்தில்.

1992 மார்ச்சில், அந்தக் கண்ணாடி வீட்டிலேயே லினா இறந்தார். அப்போதும் சாவோ பாலோ மாநகராட்சிக்கான வேலை ஒன்று மேசைமேல் பாதியில் இருந்தது. வெனிஸ் கட்டடக்கலை விழா தன் வாழ்நாள் தங்கச் சிங்கத்தை அவர் பெயருக்குக் கொடுத்தது 2021இல். 29 வருடம் கழித்து. போகட்டும்.

மாஸ்ப்பின் மேல்தளத்துக்கு அவசியம் ஏறுங்கள். அங்கே ஓவியங்கள் சுவரில் தொங்குவதில்லை. கான்கிரீட் கட்டியில் செருகிய கண்ணாடிப் பலகைகளில், கூட்டத்தில் நிற்கிற மனிதர்களைப்போல நிற்கின்றன. விவரச் சீட்டு பின்பக்கம். பெயரைப் படித்து மலைக்காமல், முதலில் படத்தைப் பாருங்கள் என்பது ஏற்பாடு. 1996இல் இவற்றை எடுத்துவிட்டுச் சாதாரணச் சுவர்கள் வைத்தார்கள். 2015 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் போனபோது ஒரு பள்ளிக்கூடமே அங்கே இறங்கியிருந்தது. ரெனுவாரின் இரண்டு சிறுமிகளுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு, யார் வரைந்தது என்று தெரிந்துகொள்ளப் பின்னால் ஓடுவதும், வான்கோவின் பள்ளிச் சிறுவனுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துச் சிரிப்பதுமாக ஒரே ஆட்டம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்க முயன்ற டீச்சரின் பாடுதான் பரிதாபம்.