வாயில்லாத விரல்: ஒரு போலிஷ் கணினி விளையாட்டை மறுபடி வாசித்தல்

'முதல்' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முதல் நாவல், முதல் புதுக்கவிதை, முதல் சிறுகதை என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் பிரதிக்குள் நுழைவதில்லை. வாசலிலேயே மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போலந்தில் 1993இல் வெளிவந்த 'தயெம்னித்ஸா ஸ்டாட்டுஎட்கி' (சிறு சிலையின் மர்மம்) என்ற கணினி விளையாட்டுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. போலிஷ் மொழியில் கடைக்கு வந்த முதல் சுட்டிச் சொடுக்கும் சாகச விளையாட்டு என்று சொன்னதும் அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. விளையாட்டுக்கெல்லாம் விமர்சனமா என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாக எழுத்தைத் திரையில் காட்டி, வாசித்தால்தான் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும் என்று வைத்திருக்கிற ஒரு பொருளை வேறு எந்தப் பெயரால் அழைப்பது? பிரதி என்றுதான் சொல்ல வேண்டும்.

அட்ரியான் ஹ்மியெலாஷும் க்ஷெகொஷ் மியெஹோவ்ஸ்கியும் 1992இல் தொடங்கிய நிறுவனம் இதை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயர் மெட்ரோபொலிஸ். விளிம்பில் இருந்துகொண்டு தனக்கு மையத்தின் பெயரைச் சூட்டிக்கொள்வது தற்செயலா, ஆசையா, கிண்டலா என்று தீர்மானிக்க முடியவில்லை. மூன்றும்தான் என்று தோன்றுகிறது. கதை சாதாரணமானது. உலகின் பல இடங்களில் பழம்பொருட்கள் திருடுபோகின்றன. ஜான் போலக் என்ற இன்டர்போல் ஆள் துப்புத் துலக்குகிறான். களம் ஃபிரெஞ்சுக் கடற்கரையில் கற்பனையாக அமைத்த ஓர் ஊர். ஓவியர்களை வைத்து வரைவதற்குப் பதிலாக, ஃபிரான்சில் எடுத்த புகைப்படங்களைக் கணினியில் ஏற்றிக் காட்சிகளை உருவாக்கியிருக்கிறார்கள். படங்கள் அசைவதில்லை.

இந்த அசையாமை கைவசம் காசில்லாததால் வந்தது என்பது சரிதான். ஆனால் காசின்மை மட்டும் இப்படி ஒரு பார்வையை உண்டாக்கிவிடாது. ஃபிரான்சுக்குப் போக போலந்துக்காரர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆனது 1991இல்தான். அதற்கு இரண்டு வருடம் கழித்து வருகிறது இந்தப் பிரதி. அதனால் இதில் இருப்பவை துப்பறிவாளனின் கண் பார்த்த தெருக்களாக எனக்குத் தெரியவில்லை. அண்மையில் கதவு திறக்கப்பட்ட ஒருவன், கையில் கேமராவோடு, இங்கே நிற்கலாமா கூடாதா என்கிற கூச்சத்தோடு பார்த்த தெருக்கள் அவை. எந்தச் சுவரைச் சொடுக்கினால் என்ன கிடைக்கும் என்று விளையாடுகிறவர் தடவித் தடவித் தேடுவதும் அந்தக் கூச்சத்தின் தொடர்ச்சிதான் எனலாம்.

மொழிக்கு வருவோம். அதுவரை போலந்துப் பையன்கள் விளையாடிய சாகச விளையாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகப் படித்தது ரஷ்ய மொழி, திரையில் வந்தது ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடிய தலைமுறைக்குத் திரை தன் வீட்டு மொழியில் பேசியது என்பது சின்ன விஷயமில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சந்தோஷத்தைக் கோட்பாடு பேசி நான் குறைத்துவிட மாட்டேன்.

ஆனால் இதற்கு முன்பே போலிஷில் விளையாட்டு இருந்தது. மார்ச்சின் போர்கோவ்ஸ்கி 1986இல் எழுதிய 'புஷ்கா பண்டோரி' எழுத்தாலேயே ஆன சாகசம். படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வகையில் கட்டளையை விளையாடுகிறவர்தான் விசைப்பலகையில் அடிக்க வேண்டும். இங்கேதான் இலக்கணம் குறுக்கே வருகிறது. போலிஷில் ஏழு வேற்றுமை. விளக்கு 'லாம்பா'. விளக்கை எடு என்று சொன்னால் அது 'லாம்பெ' ஆகிவிடும். ஆங்கிலத்தில் எடு, விளக்கு என்று இரண்டு சொல்லை அடுத்தடுத்து வைத்தால் வேலை முடிந்தது. பெயர்ச்சொல் வால் மாற்றிக்கொண்டே இருக்கிற மொழியில் இயந்திரம் ஒவ்வொரு வடிவத்தையும் அறிந்திருக்க வேண்டும், அல்லது விளையாடுகிறவர் இயந்திரத்துக்காகத் தன் மொழியை ஒடித்துப் பேச வேண்டும். 'விளக்கு எடு' என்பதற்கும் 'விளக்கை எடு' என்பதற்கும் நடுவில் ஓர் ஐகாரத்தைப் படித்துப் பரீட்சை எழுதிய நமக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

மவுஸ் வந்து இதைத் தீர்த்தது. விளக்கைத் தொடு, போதும். உருபு தேவையில்லை. வேற்றுமையும் தேவையில்லை. இதனால் எழுதுகிறவர்களுக்கு போலிஷை அதன் முழு வளைவு நெளிவுகளோடு திரையில் ஓடவிட முடிந்தது. சரி, மறுபக்கம்? விளையாடுகிறவர் இனி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். அதாவது மொழி வீட்டுக்கு வந்து சேர்ந்த அதே கணத்தில் வீட்டுக்காரருக்குப் பேச வேண்டிய அவசியம் போய்விட்டது. அவர் வாசகர், கேட்பவர், ஒரு விரல். 'முதல்' என்று மாலை போட்டவர்கள் பார்க்கத் தவறியது இதைத்தான் என்று நினைக்கிறேன். கிடைத்தது மொழி, கைநழுவிப்போனது உச்சரிப்பு.

1989க்குப் பிந்தைய போலந்து முழுவதற்கும் இதை உருவகமாக்கிவிட எனக்கும் ஆசை வருகிறது. வேலைநிறுத்தத்தில் பேசிப் பேசி ஓர் அரசை அசைத்த மக்கள், 1990 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த பொருளாதாரத் திட்டத்துக்குப் பிறகு, முன்னால் வைத்த சாமான்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுகிற நுகர்வோராக ஆனார்கள் என்று எழுதினால் வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுட்டிச் சொடுக்கும் வடிவம் போலந்தில் பிறந்ததல்ல, அமெரிக்கச் சந்தையில் ஏற்கெனவே பழகிய வடிவம். அந்த அளவுக்கு என் உருவகத்துக்குக் கால் கிடையாது. இருந்தாலும் வடிவத்தை இரவல் வாங்குகிறபோது அதற்குள் இருக்கும் மௌனமும் சேர்ந்தே வருகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

விளையாடியவர்கள் விரல் மட்டும்தானா? அப்படியும் இல்லை. அவர்கள் படியெடுத்தார்கள். விற்றது சில ஆயிரம், கையிலிருந்து கைக்குப் போனது அதைவிட மிக அதிகம். வார்சாவில் க்ஷிபோவ்ஸ்கா தெருவில் 80களிலிருந்தே வார இறுதிகளில் கணினிச் சந்தை கூடும். ஃப்ளாப்பியில் நகலெடுத்த விளையாட்டுகள் அங்கே வெளிப்படையாக விற்றன. 1952ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலைக் கனவிலும் நினைத்திராத சட்டம். 1994 பிப்ரவரியில் வந்த புதுச் சட்டம்தான் நிரல்களைக் காப்புக்குள் கொண்டுவந்தது. அறிவுச்சொத்தைக் காப்போம் என்று 1990லேயே அமெரிக்காவுடன் போட்ட ஒப்பந்தம் அதன் பின்னால் இருக்கிறது. யாருடைய சொத்து என்று கேட்க வேண்டியவர்கள் நாம். அதே சமயம் மெட்ரோபொலிஸின் இளைஞர்களுக்கு அதிலிருந்துதான் சோறு வர வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. 1976 தொடங்கி 1989 வரை அதே நாட்டில் தடைசெய்யப்பட்ட புத்தகங்களை உருட்டச்சிலும் பட்டுத்துணி அச்சிலும் இரவோடிரவாகப் படியெடுத்து விநியோகித்தார்கள். ஆர்வெல்லும் மீவோஷும் அப்படித்தான் வாசகர் கைக்குப் போனார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இரண்டாம் சுற்று'. அதை எதிர்ப்பு என்கிறோம், ஃப்ளாப்பி நகலைத் திருட்டு என்கிறோம். இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் அனுமதி கேட்காமல் படியெடுக்கிற பழக்கம் ஒரு சமூகத்தின் கைக்குள் ஊறியிருக்கும்போது அது ஆட்சி மாறிய மறுநாளே வெட்கப்பட்டுக்கொண்டு போய்விடுமா? திருட்டுப்போன சிலையைத் தேடுகிற கதை திருட்டுப் படிகளிலேயே பெரும்பாலும் வாசிக்கப்பட்டது. இதைவிடச் சரியான வாசகர்கள் அதற்கு வாய்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து 1995இல் வந்த 'டீன்ஏஜென்ட்' ஆங்கிலத்திலும் விற்றது. நாயகன் மார்க் ஹாப்பர், கார்ட்டூன் படங்கள், நிறைய நகைச்சுவை. இன்று இலவசமாகவே கிடைக்கிறது. திறமையில் முந்தையதை விடப் பல படி மேல். ஆனால் எனக்கு அதில் அந்தக் கூச்சம் இல்லை. மியெஹோவ்ஸ்கி பிற்பாடு தொடங்கிய நிறுவனம் 2014இல் போர்க்கால மக்களைப் பற்றி ஒரு விளையாட்டு வெளியிட்டதும், போலந்து அரசு 2020இல் அதைப் பள்ளி மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்த்ததும் தனியாக எழுத வேண்டிய விஷயம்.

எனக்கு போலிஷ் தெரியாது. போலந்தில் சில வருடம் படித்துவிட்டு வந்த நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சத்தமாக வாசித்து, தமிழில் சொல்லச் சொல்ல, நான் மவுஸைப் பிடித்திருந்தேன். நாயகன் பெயர் வந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார்.

"தோழர், இந்தப் பேரை அமெரிக்காவுல சத்தமா சொல்லிடாதீங்க. அங்க போலந்துக்காரனைத் திட்டணும்னா இப்படித்தான் சொல்லுவான். எழுத்து கொஞ்சம் வேற, சத்தம் ஒண்ணுதான்."

"செய்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாமலா இருக்கும்?" என்றவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கதவைச் சொடுக்குங்க" என்றார்.